மங்கலம் குடிபோன வீடு

அன்று வெள்ளாற்றங்கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வராதவர்களெல்லாம் வந்து பார்த்ததுபோலப் பேசித் திரிகிறார்கள். வகையறாவுக்கு மூத்தவன் என்ற முறையில் நான் இருந்தேன். என் தம்பி மணவாளனும் அவன் மனைவி தில்லையம்மாளும் இருந்தார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கை தைலம்மாளும் அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தியும் முதல் நாளே வந்திருந்தார்கள். பம்பை அடிக்கக் கொளஞ்சியப்பன், உடுக்கைக்கு அவனுடைய மைத்துனன். மனிதர்களில் இவ்வளவுதான். இவர்களைத் தவிர, கூப்பிட்டு வந்தவள் ஒருத்தி. என் தம்பி மகள் மங்கலம். அவள் இறந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. பூவாடைக்காரியாக வீட்டிலேயே இருக்கிறாள். நல்ல காரியம் எதற்கும் முன்னால் ஆற்றுக்கோ குளத்துக்கோ போய், பம்பை அடித்து, அவளைத் தண்ணீரிலிருந்து அழைத்துச் செம்பில் ஏற்றிக்கொண்டு வந்து, புதுப் பாவாடை வைத்துப் படைக்க வேண்டும். இதெல்லாம் மூடப் பழக்கம் என்று சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் மைக் வைத்துப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் வீட்டிலும் பாவாடை வாங்கத்தான் செய்கிறார்கள்.

மணவாளன் சிதம்பரத்தில் ஒரு நெல் மில்லில் பிட்டராக இருந்தான். ஜில்லா தாண்டி நெல் கொண்டுபோகக் கூடாது என்று கெடுபிடி வந்தபோது மில் பாதி நாள் ஓடியது. பிறகு நின்றே போனது. கூட வேலை பார்த்தவன் ஒருவன் மெட்ராசுக்குப் போய், அம்பத்தூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் இவனுக்கும் சொல்லி வைத்தான். வைகாசி பிறந்ததும் வந்து சேரச் சொன்னார்கள். தம்பிக்கு முகம் தெளிந்தது. தில்லையம்மாள்தான் குறுக்கே நின்றாள்.

மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பதினாலு வருஷமாக அவள் சமையல் கட்டிலிருந்து அடுப்பிடமோ பானையிடமோ சொல்வதுபோலச் சொல்வாள். அது எனக்குக் கேட்கும். அன்றும் அப்படித்தான் கேட்டது.

"அவள வுட்டுட்டு நான் வரல."

"செத்துப்போன புள்ளைக்கு என்னாடி பண்ணச் சொல்ற?" என்றான் மணவாளன்.

"உசுரோட இருந்தா வுட்டுட்டா போவீங்க?"

"அங்கெல்லாம் ஒரு ரூம்புதாண்டி. நாம காலு நீட்டவே எடம் காணாது."

"அவ என்னா எடம் அடைக்கப் போறா? மாடத்துல ஒரு செம்பு."

எனக்கு இது பிடிக்கவில்லை. பூவாடைக்காரி வகையறாவின் பொது. வாடகை வீட்டில், எவன் எவனோ ஏறி இறங்கும் நடையில் கொண்டுபோய் வைப்பதற்கா பெரியவர்கள் பூவாடையைப் பேணி வந்தார்கள்? ஆனால் தில்லையம்மாள் இங்கே இருந்து, தம்பி அங்கே கிளப்புக் கடையில் சாப்பிட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தால், ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். பெண்டாட்டி பிரிந்து வாழ்ந்த ஆண் எங்கள் வீட்டில் கிடையாது. யோசித்துப் பார்த்து, "பூவாடையையே கேட்டுவிடுவோம்" என்றேன்.

மங்கலம் எப்படி இறந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் ஆடியில் வாந்திபேதி. ஒன்பது வயசு. சாயங்காலம் ஆரம்பித்து மறுநாள் உச்சிக்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் காட்டினால் பேதி நிற்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வைத்தியர் சொன்னதை மீறுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பிள்ளை தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தில்லையம்மாள் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தாள். துணியைப் பிள்ளை பல்லால் கவ்விக்கொண்டது. அதையும் வைத்தியர் பார்த்துப் பிடுங்கச் சொன்னார். அவள்தான் பிடுங்கினாள்.

நல்ல நாளில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. செம்பில் தண்ணீர் கொடுத்தால் உடனே குடிக்காது. வாயை உள்ளே வைத்து ஊ என்று ஊதும். செம்பு திருப்பி ஊதும். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் குடிக்கும். வேண்டாம் என்று எத்தனையோ தரம் நான் அதட்டியிருக்கிறேன்.

சித்திரையில் வெள்ளாறு மணலாகக் கிடக்கும். நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் தண்ணீர் ஓடியது. விடிந்ததும் போய்விட்டோம். கொளஞ்சியப்பன் பம்பையை வெயிலில் காட்டி வாரை இழுத்துக் கட்டினான். தில்லையம்மாள் பித்தளைச் செம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு, மஞ்சள் நூல் சுற்றி, வேப்பிலையும் மல்லிகையும் செருகி, தண்ணீர் ஓரம் வாழை இலையில் வைத்தாள். அடித்து அழைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தைலம்மாளுக்குக் கழுத்து துவண்டது. எப்போதும் அவள்மேல்தான் வரும்.

"வந்தது யாரும்மா? பேரச் சொல்லு" என்றான் கொளஞ்சியப்பன்.

"தண்ணி."

"குடுக்கறோம். மொதல்ல பேரச் சொல்லு தாயி."

"நாக்கு ஒட்டுதுடா. தண்ணி குடுடா."

ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். பேரைச் சொல்லாது, தண்ணீர்தான் கேட்கும். இதை வெளியே பேசக் கூடாது என்று நான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். கலியமூர்த்தி குடத்தைச் சாய்த்துப் பிடிக்க, என் தங்கை பாதிக் குடம் குடித்தாள். சாதாரண நாளில் அரை டம்ளர் குடிக்கிறவள். மேல்துணியெல்லாம் நனைந்து போனது.

கொளஞ்சியப்பன் பம்பையைத் தாழ்த்தி மெதுவாக அடித்தான். "கேளும்மா. ஒங்கப்பன் பட்டணம் போறான். ஒங்கம்மா ஒன்ன வுட்டுட்டுப் போவ மாட்டங்கறா. நீ கூடப் போறியா? பெரிப்பா ஊட்டுலயே இருக்கறியா?"

தைலம்மாளின் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். தங்கை அண்ணனைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"தண்ணி குடுக்கற எடத்துக்குப் போறேன்."

வாழை இலையில் இருந்த செம்பிலிருந்து மல்லிகைப் பூ ஒன்று நழுவி விழுந்தது. வந்துவிட்டாள் என்று அர்த்தம். தில்லையம்மாள் செம்பை எடுத்து, வாயில் மஞ்சள் துணி கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரிதான் வைத்துக்கொண்டாள்.

"கெணறு இருக்கற ஊடா பாக்கச் சொல்றா. அவ்ளோதான்" என்று நான் முடிவு சொன்னேன். மணவாளன் மெட்ராஸ் கூட்டாளிக்குச் சொல்லி அனுப்பினான். வில்லிவாக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது, கிணறு வற்றாது, கம்பெனிக்கும் பக்கம் என்று பதில் வந்தது. வீட்டைப் பார்த்து முடித்து, அன்றே செம்பை வைத்துவிடுவது, சாமான்கள் பின்னால் வரட்டும் என்று பேசிக்கொண்டோம். தம்பியை நம்பி மட்டும் அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன், அண்டை அயல் எப்படி என்று பார்க்க வேண்டியது பெரியவன் கடமை. நானும் கிளம்பினேன்.

சிதம்பரத்தில் காலையில் பாசஞ்சர் ஏறினோம். செம்பைத் தரையில் வைக்கக் கூடாது. தில்லையம்மாள் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதுவரை ஊரில் தங்கிவிட்டுக் கூடவே கிளம்பிய தைலம்மாளும் கலியமூர்த்தியும் கடலூர் திருப்பாப்புலியூரில் இறங்கிக்கொண்டார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை சாக்குப் பையோடு ஏறி உட்கார்ந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கூட ஏழெட்டு வயசுப் பெண் ஒன்று, துணி மூட்டைபோல அவள் தோளில் கிடந்தது.

"எதுவரைக்கும் அக்கா?" என்று அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"மெட்ராசு" என்றாள் தில்லையம்மாள்.

"நாங்களும் அங்கதான். கொருக்குப்பேட்ட. எண்ண மில்லுல வேர்க்கல்ல பொடைக்கறேன். எங்கம்மா ஊரு இங்க தேவனாம்பட்டணத்தாண்ட. எம் பேரு சவரியம்மா. இது லூர்து. நீங்க எந்தப் பக்கம் குடியிருக்கீங்க?"

"இனிமேதான் ஊடு பாக்கணும்."

"பாக்கணுமா? எங்க லைனுல எங்க ஊட்டுக்கு அடுத்த ரூம்பு காலியாத்தான் கெடக்கு. தண்ணி மட்டும் கொஞ்சம் தகராறு. குழாய்ல விடியக்காலம் வரும், பொம்பளைங்க மண்ட ஒடஞ்சிக்கிட்டுப் புடிப்போம். மத்தபடி நல்ல எடம். மில்லு புழுதி இருக்கும். ரயிலு சத்தம் இருக்கும். சிரிக்காதீங்க அக்கா, மெய்யாலுமே நல்ல எடம்."

தில்லையம்மாள் சிரிக்கத்தான் செய்தாள். மங்கலம் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாதவளோடு என்ன பேச்சு என்று தம்பியைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பண்ருட்டி தாண்டிப் புளிச்சோறு சாப்பிட்டோம். கூஜாத் தண்ணீர் அத்தோடு தீர்ந்தது. விழுப்புரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். விழுப்புரத்தில் குழாயடிக்குப் போவதற்குள் போலீஸ்காரன் ஏறிவிட்டான். அரிசி கடத்துகிறார்களா என்று சோதனை. சவரியம்மாளின் சாக்கைக் குத்திப் பார்த்தான். அதில் முந்திரிக்கொட்டையும் கருவாடும்தான் இருந்தன. அடுத்து லத்தியால் எங்கள் பக்கம் காட்டினான்.

"மடியில என்னாம்மா?"

"தண்ணி."

"தண்ணிக்கு எதுக்கும்மா இவ்ளோ கட்டு? சாராயமா?"

நான் எழுந்து நின்றேன். "யாரப் பாத்து என்னா பேச்சுப் பேசற? எங்க வகையறா யாருன்னு சேத்தியாத்தோப்புல வந்து கேட்டுப் பாரு."

"சேத்தியாத்தோப்புக்கு வந்து கேக்கறதுக்கா பெரியவரே எனக்குச் சம்பளம்? நேத்து இப்படித்தான் ஒருத்தரு பழனிக் கலசம்னாரு. தொறந்தா சீரகச் சம்பா. அவுருங்க."

நான் விடுவதாக இல்லை. ஆனால் தில்லையம்மாளே துணியை அவிழ்த்துவிட்டாள். அவன் குனிந்து முகர்ந்தான்.

"வேப்பெல வாசம் அடிக்குது. என்னாம்மா இது?"

"எம் பொண்ணு."

அவன் நிமிர்ந்தான். வண்டியைவிட்டு இறங்கினான். அடுத்த பெட்டிக்கும் ஏறவில்லை. வண்டி நகர்கிறவரை பிளாட்பாரத்தில் எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றான். இந்தக் கலாட்டாவில் கூஜாவில் தண்ணீர் பிடிக்கவில்லை. செம்புக்குத் திரும்பத் துணி கட்டவும் இல்லை.

மயிலம் தாண்டி, பொட்டல் வெளியில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்றார்கள். கத்திரி வெயில். பலகை சுட்டது. இறங்கிப் பார்த்தவர்களும் கானல்தான் ஓடுகிறது என்று ஏறிவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளை கண் விழித்தது. உதடு வெடித்து வெள்ளையாகக் கிடந்தது.

"அம்மா, தண்ணி."

"ஊருக்குப் போயிடலாண்டி கண்ணு."

"தண்ணிம்மா."

"ரெண்டு நாளா வயித்தால போவுது அக்கா" என்றாள் சவரியம்மாள். "தண்ணி காட்டுனா நிக்காது, காட்டாதேன்னு எங்கம்மா சொல்லி அனுப்புச்சி. அதான் காலையிலேருந்து ஒண்ணும் குடுக்கல."

"அது சரிதான்" என்றேன் நான். "பெரியவங்க சொல்றது அதான் மொறை."

தில்லையம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அது பக்கத்தில் கிடந்த தாயின் முந்தானையை எடுத்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியிருந்தது. சவரியம்மாள் அதை இழுத்தாள். பிள்ளை பல்லால் கவ்விக்கொண்டது.

தில்லையம்மாள் செம்பைத் தூக்கினாள்.

"ஏய், என்னாடி பண்ற?" என்றான் மணவாளன்.

"அது பூவாடத் தண்ணி. வகையறா சொத்து. வையி கீழ" என்று நான் அதட்டினேன். கீழே வைக்கக் கூடாது என்பதுகூட அப்போது மறந்துவிட்டது.

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா, இந்தத் தடவ நான் குடுக்கறேன்."

வேப்பிலையை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டு, செம்பைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்தது. வாயை உள்ளே வைத்தது. குடிக்கவில்லை. ஊ என்று ஊதியது. செம்பு திருப்பி ஊதியது. அதைக் கேட்டு வெடித்த உதட்டோடு சிரித்தது. அப்புறம் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது.

எத்தனையோ பிள்ளைகள் அப்படி ஊதும். செம்பின் வாய் அப்படி.

குடித்துவிட்டுத் தில்லையம்மாளின் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. செம்பு இருந்த இடம் அது. வண்டி எப்போது கிளம்பியது என்று யாரும் கவனிக்கவில்லை. செங்கல்பட்டில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றது. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. தாய் வாங்கிக் கொடுத்த இட்டிலியைத் தின்றுகொண்டே என் பக்கம் திரும்பி, "பெரிப்பா, ஒனக்கு?" என்று கையை நீட்டியது.

"அட, இது யாரையும் கூப்புடாதே" என்றாள் சவரியம்மாள். "புது ஆளக் கண்டா எம் பொடவைக்குள்ள பூந்துக்குமே."

வயசானவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவது எந்தப் பிள்ளைக்கும் வரும். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எழும்பூரில் சவரியம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை கூட்டத்தில் மறைகிறவரை தில்லையம்மாள் அசையவில்லை. "செம்ப அந்தக் குழாயில ரொப்பிக்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சி. ஊருக்குத் தெரிய வேணாம். தண்ணி தண்ணிதான்." மணவாளன் செம்புக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. காலிச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வில்லிவாக்கத்து வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் ராமாமிர்தம் என்று, போஸ்டாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர், என்ன ஆளுங்க என்று நறுக்காகக் கேட்டார். அப்படிக் கேட்கிறவர் வீட்டில்தான் குடியிருக்கலாம். இரண்டு அறை, தனி அடுப்படி, கிழக்குப் பார்த்த மாடம். பின்னால் கிணறு. சுற்றிச் செங்கல் கட்டி, ராட்டினம் போட்டு, நிழலுக்கு ஒரு வேம்பும் நின்றது.

"கத்திரியிலயும் கை எட்டற ஒசரத்துல கெடக்கும்" என்றார் ராமாமிர்தம். "எளநீ தோத்துப் போவணும். நாலு தெருவுல இந்தத் தண்ணிதான் சமையலுக்குக் கேட்டு வருவாங்க. நான் எல்லாருக்கும் குடுக்கறதில்ல."

எனக்கு மனம் நிறைந்தது. தம்பி அட்வான்சை எடுக்க மடியைத் தடவினான். தில்லையம்மாள் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி சேந்தினாள். செம்பில் ஊற்றினாள். காதருகே வைத்துக் கேட்டாள். ஊற்றின தண்ணீரை வேம்பின் அடியில் கவிழ்த்தாள். இன்னொரு தரம் ஊற்றினாள். அதையும் கவிழ்த்தாள்.

"என்னா பண்ற?" என்றான் மணவாளன்.

"இது கெணத்துத் தண்ணி."

"பின்ன என்னா தண்ணிடி வேணும் ஒனக்கு? இவ்ளோ அலஞ்சி, கெணறு கெணறுன்னு பாத்து..."

"அவ இங்க இல்ல. எங்க போனான்னு ஒங்களுக்குத் தெரியும்."

நான் குறுக்கிட்டேன். "ஊரான் ஊட்டுப் புள்ள அது. சிலுவ கும்புடற வேதக்காரப் புள்ள. இனிமே அதப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லு அவகிட்ட."

மணவாளன் சொல்லவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். மில்லில் இரும்போடு மல்லுக்கட்டியவன், பூவாடை அழைக்கும்போதெல்லாம் வாயைக் கோணிச் சிரித்துக்கொண்டு நிற்கிறவன். அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, அது செம்புல ஊதிச்சி."

"ஊதாத புள்ள எது?"

"அது ஊதிட்டுச் சிரிச்சிதுண்ணே."

ராமாமிர்தம் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஊடு புடிக்கலன்னா சொல்லிடுங்க. கேட்டுக்கினு ஆளு நிக்குது" என்றார். அப்படி ஒரு வீட்டை விட்டுவிட்டு நாங்கள் தெருவில் இறங்கினோம். ஒருவரிடம் பேசி முடித்த வீட்டை வேண்டாம் என்று எங்கள் வகையறாவில் யாரும் திரும்பியதில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொருக்குப்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. ரயில்வே கேட், எண்ணெய் மில், மில்லை ஒட்டி ஓடு போட்ட லைன் வீடுகள். ஒரே சுவர், ஒரே கூரை, இடையிடையே கதவு. கடலைத் தோல் பறந்து கூரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. குழாயடியில் தண்ணீர் இல்லை. ஆனாலும் நாளைக் காலைக்காகக் குடங்களை இப்போதே வரிசை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை அந்த அறையைவிடப் பெரியது.

சவரியம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். "அட, அக்கா! சொன்னாப்பல வந்துட்டீங்களே! நான் சும்மா வாய்க்குச் சொன்னேன். ஒங்கள மாதிரி ஆளுங்க இங்க எப்புடி இருப்பீங்க?"

"இருப்போம்" என்றாள் தில்லையம்மாள்.

"அண்ணனுக்கு வேல எங்க?"

"அம்பத்தூரு" என்றான் மணவாளன்.

"அய்ய, அது எங்க, இது எங்க! பேசின் பிரிட்ஜிக்கு நடந்துபோயி ரயிலு புடிக்கணும். சோறு வேவறதுக்கு முன்னாடியே கெளம்பணும். நல்லா யோசிங்க அண்ணே."

மணவாளன் யோசிக்கவில்லை. அந்த அறைக்குள் போய் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். "மாத்தணும். மழக்கி ஒழுவும்" என்றான். அதுதான் அவன் சொன்ன சம்மதம்.

நான் தெருவிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை. "மணவாளா" என்று கூப்பிட்டேன். "நம்ம ஊட்டுப் பொண்ண வகையறா பொறுப்புல வச்சி, பாவாட வச்சிக் கும்புட்டுக்கிட்டு வந்தோம். அவள இந்தப் புழுதியில, சிலுவ மாட்டுனவ கையில கொண்டாந்து வுட்டுட்டுப் போவச் சொல்றியா?"

அவன் தலை குனிந்து நின்றான். பதில் தில்லையம்மாளிடமிருந்து வந்தது. என் முகத்தைப் பார்த்து, இரண்டாவது தடவை.

"நாம வச்சிருந்தப்ப அவ தண்ணி கேட்டுக்கிட்டேதான மாமா இருந்தா."

மில் சங்கு ஊதியது. புடைக்கிற பெண்கள் தலையில் துணியோடு கும்பலாக வெளியே வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து லூர்து என்ற அந்தப் பிள்ளை என்னிடம் வந்தது. கையில் அலுமினிய டம்ளர். பக்கத்து வீட்டில் யாரோ விடியற்காலம் அடித்துப் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த தண்ணீராக இருக்க வேண்டும்.

"பெரிப்பா, தண்ணி."

கண்ட இடத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவன் அல்ல நான். வாங்கினேன். வாங்காவிட்டால் பிள்ளை அங்கேயே நிற்கும்போல இருந்தது. டம்ளர் சில்லென்று இருந்தது. அந்தப் புழுக்கத்தில் எப்படி அப்படி இருந்தது என்று தெரியவில்லை. பிள்ளை அந்தண்டை திரும்பும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, படியோரம் வைத்தேன். அன்றைக்கே ரயிலேறினேன். ஊர் வந்து சேரும்வரை தாகம் தீரவில்லை. எத்தனை ஸ்டேஷனில் எத்தனை குழாயில் குடித்தேன் என்று கணக்கில்லை.

அந்த ஆடியில் பூவாடை அழைத்தோம். மணவாளன் வரவில்லை. வெள்ளாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. கொளஞ்சியப்பன் காலையிலிருந்து அடித்தான். தைலம்மாள் இலை முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். கழுத்து துவளவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. நான் வாங்கி வைத்த புதுப் பாவாடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பெரியவரே, ஆளு இல்ல" என்றான் கொளஞ்சியப்பன். "ஆளு இருந்தாத்தான வரும்."

"பம்ப ஈரமா இருக்குது. காய வச்சி அடி" என்றேன்.

காய வைத்து அடித்தான். வரவில்லை. மறுவருஷமும் வரவில்லை. இப்போது அழைப்பதில்லை. மாடத்தில் புதுச் செம்பு ஒன்று வைத்து நானே தண்ணீர் மாற்றுகிறேன். உச்சி வேளையில் வீடு காலியாக இருக்கும்போது, சில நாள் அதற்குப் பக்கத்தில் நின்று கேட்பேன். தண்ணீர்ச் செம்பில் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்பதில்லை.

போன கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். போக வேண்டியிருந்தது. ஏனென்றால் ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, சேத்தியாத்தோப்புச் சந்தைவரைக்கும் போய்விட்டது. மணவாளன் குடும்பம் மெட்ராசில் வேதத்தில் சேர்ந்துவிட்டது, தில்லையம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு வாராவாரம் மாதா கோயிலுக்குப் போகிறாள், கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று.

அது பொய். அவர்கள் சேரவில்லை. தெருமுனையில் இருக்கிற மாதா கோயிலுக்கு அந்தப் பிள்ளைதான் பூசைக்குப் போகிறது. அது வெளியே வரும்வரை தில்லையம்மாள் வாசலில் செம்பு நிறையத் தண்ணீரோடு நிற்கிறாள். வெயிலுக்குத்தான் முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். எதிர்ச்சாரியில் நின்று நானே பார்த்தேன். பூசை முடிந்து பிள்ளை வந்து செம்பை வாங்கி, ஊதிவிட்டுக் குடித்தது. தில்லையம்மாள் படியேறவில்லை.